இரண்டு பேருக்கும் மருந்து

கல்யாணமாகி நான்கு வருடம் வரை நேர்த்திக்கடன், விரதம், நாட்டு மருந்து எல்லாம் எனக்கு மட்டும்தான். தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், மாமியார். மாமியார் நல்ல மனுஷி, என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனால் மாதாமாதம், "இந்த மாசமும் இல்லியாம்மா?" என்று கேட்பார். மறுநாளே ஏதாவது ஒரு கசாயத்தோடு வந்து நிற்பார். நானும் குடிப்பேன்.

கடைசியில் அவிசாவளையில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "மஹத்தயா கோ?" வீட்டுக்காரர் எங்கே என்று. ரப்பர் பால் வெட்டப் போயிருக்கிறார் என்றேன். பிள்ளை இல்லையென்றால் இரண்டு பேரையும்தான் பார்க்க வேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரர் பீலியில், மலைத் தண்ணீர் கொட்டும் குழாயடியில், குளித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"எனக்கென்ன நோவு? நல்லாத்தானே இருக்கேன்."

"எனக்குந்தான் ஒரு நோவும் இல்லீங்க. நாலு வருசமா மருந்து குடிக்கலியா?"

முகத்துச் சோப்பு நுரையை வழித்துவிட்டார். "சரி, போவோம்" என்றார்.

கிளினிக்கில் நர்ஸ் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கென்று காதருகே சொன்னேன். அவசரமாகப் போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிக்காத புள்ள" என்றவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முடிவுகள் வந்த அன்று டாக்டரம்மா சிங்களத்தில் விளக்கினார். கடை கண்ணிச் சிங்களம் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு, இந்தச் சொற்கள் புதிது. நான்தான் தமிழில் சொன்னேன். விந்தில் உயிரணு குறைவு, ஓட்டமும் மந்தம். விதைப்பைப் பக்கம் இரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம். எனக்குத் தைராய்டு குறைவு, மாத்திரை போட வேண்டும். "இது ஆண்மைக் குறைவு இல்லை, இதுவும் ஒரு நோய்தான். அதையும் சொல்லு" என்றார் டாக்டரம்மா. சொன்னேன்.

பஸ் ஏறினோம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் கசாயத்த எல்லாம் சும்மாவா குடிச்ச?"

"எனக்கும் கொறை இருக்குன்னுதானே சொன்னாங்க."

அத்தனை பேருக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு வெளியில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, கொறை எங்கிட்டயும் இருக்கு. இனிமே இவள மட்டும் கேக்காத."

மாமியார் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் தட்டில் முட்டையும் முருங்கைக்கீரையும் குவிந்தன. "திங்கிறியா, ஊட்டவா?" என்று மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் பரிதாபமாக என்னைப் பார்ப்பார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒப்பரேஷன் நடந்தது. உயிரணு கொஞ்சம் கூடியிருக்கிறது, இன்னும் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டரம்மா. குழந்தை இன்னும் இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். "ஒனக்கு எப்ப?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்: "ரெண்டு பேரும் மருந்து எடுக்குறாங்க. வாறப்ப வரும். நீ பாயசத்தக் குடி."

சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கித் தன் மகன் கையில் வைத்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. "தலையத் தாங்குங்க" என்று நான் முழங்கையைச் சரிசெய்து விட்டேன்.