தனிநாட்டுக்கு ஒரு பட்டியல்

நான்கு கட்டம் போட்ட ஒரு முழுத்தாள். பெயர், ஊர், வேலை, வீட்டில் பேசும் மொழி. ஸ்கேல் வைத்து நானேதான் கோடு போட்டேன், அதுவும் சிவப்பு மையில். அப்போது திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வட மாநிலங்களுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் எங்களுடையவை. எங்கள் பக்கத்தில் தனிநாடு கேட்டு ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. மாநிலம் பிரிந்து நாடானால் யார் இங்கே இருக்கலாம், யார் போக வேண்டும் என்று இப்போதே முடிவுசெய்ய வேண்டுமாம். ஒவ்வொரு ஆபீசும் வெளியாட்கள் பட்டியல் தர வேண்டுமாம். முதலாளி பயந்துபோய்ச் சரி என்றுவிட்டார். பட்டியலில் வருகிறவர்களை அடுத்த டிரிப்புக்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

எனக்குப் பயமில்லை, சந்தோஷம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அப்பாவை ஒரு ரயில் டிக்கெட் கவுண்டரில், இந்தி தெரியாதா என்று எல்லார் முன்னாலும் விரட்டியிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. பிரிந்துதான் போவோமே என்று ஆபீசில் வாய் கிழியப் பேசியவள் நான்தான்.

முதலில் எழுதியது வண்டியில் துளை போடும் எங்கள் டிரில்லரை. ஒடிசாக்காரர். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை துளையிடும் ராடு மாற்றும்போது, வண்டியோடு ஊர் ஊராகப் போகிற மேனேஜரின் கை சிக்கப் பார்த்தது. இழுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். ஊரில் அவருடைய இரண்டு பெண்களின் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அதெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன்.

அந்த மேனேஜர் அன்று ஆபீசுக்கு வந்தார். தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“ஏனுங்க அம்மிணி, நாடு பிரிஞ்சா நம்ம வண்டி எங்க போகும்? அவிய ஊர்லயும் ஒருத்தன் உக்காந்து எம் பேரை எழுதுவானுங்க.”

அதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“உங்க ஊட்ல என்ன பேசுவீங்க?”

தெலுங்கு. ராசிபுரத்து நெசவுக் குடும்பம் எங்களுடையது. அம்மா திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது தெலுங்கில். அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. கட்டம் போட்டவளே நான், அப்போதும் தோன்றவில்லை! அவமானமாக இருந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. “டிரில்லர் போனா நானும் வண்டி ஏற மாட்டனுங்க” என்று முதலாளியின் அறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் பட்டியல் வாங்க இரண்டு பேர் வந்தார்கள். நான் வேறொரு தாளை நீட்டினேன். முதல் வரியில் என் பெயர்; ஊர் ராசிபுரம், வேலை கிளார்க், மொழி தெலுங்கு. இரண்டாவது வரியில் டிரில்லர்.

“நீ எதுக்கும்மா இதுல? நீ நம்ம புள்ள” என்றார் மூத்தவர்.

“அவரும் நம்ம ஆளுதாங்க. அவர் போகணும்னா நானும் போறேன். எங்க போகணும்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு ராசிபுரத்தை விட்டா வேற ஊர் கிடையாது.”

அவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற மேனேஜரைப் பார்த்தார். “பட்டியல் அதுதானுங்க, வேணும்னா எடுத்துக்கங்க” என்றார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே டிரில்லர் வண்டியோடு கிளம்பினார்.

அந்தக் கூட்டம் இப்போது இல்லை. தனிநாட்டுப் பேச்சு மட்டும் போனில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. டிக்கெட் கவுண்டர்களில் விரட்டுகிறவர்களும் ஓய்ந்தபாடில்லை. அவர்களோடு சண்டை போட வேண்டுமென்றால் இன்றைக்கும் முன்வரிசையில் நிற்பேன். ஆனால் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று எவர் எழுத வந்தாலும், முதலில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போக வேண்டும்.