காலியாக வந்த பெயர்

அமலாவின் ஊர் படவேடு. காலை ஏழரை பஸ்ஸை விட்டால் ஆரணிக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டுப் படிக்கவைத்ததில், 2006இல் வேணுகோபாலின் சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் சேர்ந்தாள். பட்டுச்சேலை டிசைனை எத்தனை முறை மாற்றினாலும் பழையதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருளை அங்கே எழுதினார்கள். தங்கள் சொந்த புரோகிராமையும் அதிலேயே சேமித்து வைத்திருந்தார்கள்.

ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துச் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்பது வழக்கம். அப்படிப் படித்தபோது வேணுகோபால் சொன்னார்: "தற்காலிக ஃபோல்டரை அழிக்கிற அதே நாலு வரி ஆறு இடத்துல கீதேம்மா. ஒரே எடத்துல தனி ஃபங்ஷனா எழுதிடு, ஆறு இடமும் அதையே கூப்பிடட்டும். ஃபோல்டர் பேரைக் குடுத்தா அது அழிச்சிடணும்."

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டாள். பக்கத்து மேசை லாவண்யா மட்டும் கேட்டாள்: "பேரே இல்லாம காலியா வந்தா இன்னா ஆவும்?"

"காலியா யாரு அனுப்பப் போறாங்க?" என்றாள் அமலா, கொஞ்சம் எரிச்சலாக. வேணுகோபாலும் தலையாட்டி, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் அதை ஓடவிட்டாள். அழிகிற கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓடின. நிற்கவில்லை. இத்தனை கோப்புகள் ஏது? பதறிப்போய் நிறுத்தினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆறு இடங்களில் ஒன்று காலிப் பெயரை அனுப்ப, எதை அழிப்பதென்று பெயர் இல்லாததால் ஃபங்ஷன் அதற்கு மேலே, எல்லாம் இருந்த மூல ஃபோல்டரையே துடைத்துவிட்டது. ஆபீஸின் இரண்டு வருட வேலையும் அதன் பழைய வடிவங்களும் போயே போய்விட்டன.

லாவண்யா "ஐயையோ" என்றது எங்கோ தூரத்தில் கேட்டது. எழுந்து போய், "சார், எல்லாம் போச்சு சார்" என்றாள்.

சி.டி.யில் இருந்த நகல் தீபாவளிக்கு எடுத்தது. நான்கு மாதப் பழசு. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்து அழுதபடி நின்றாள். வேணுகோபால் சி.டி.யை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "சரின்னு கையெழுத்துப் போட்டது நான். லாவண்யா கேட்டப்போ நானும் தலையாட்டிகினுதானே இருந்தேன். நீ மட்டும் ஏன் அழுவுற?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வேலையை மூவரும் ஐந்து வாரத்தில் திரும்ப எழுதினார்கள். புதிய ஃபங்ஷன் ஒன்பதே வரி. அதற்கு மூன்று நாள் பிடித்தது. பெயர் காலியாக இருந்தால் மறுத்துவிடும். தற்காலிக ஃபோல்டருக்கு வெளியே இருந்தாலும் மறுக்கும். லாவண்யா கேட்ட கேள்வி ஒன்றைக்கூட அமலா தள்ளவில்லை.

சோதனையன்று காலிப் பெயரையே கொடுத்துப் பார்க்க வேண்டும்; அவளுக்குக் கீபோர்டைத் தொடவே கை வரவில்லை. "நீயே தட்டு" என்று லாவண்யாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாம் கீதுடி, கண்ணைத் தொற" என்றாள் லாவண்யா.