நூற்றுப் பதினேழாம் பை

குளிர்காலம் வந்துவிட்டால் என் கணவன் டெஸ்மண்ட் வீடு தங்கமாட்டான். அறுவடை முடிந்து இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் வட்டாரத்து வயல்கள் வெறும் மண்ணாகக் கிடக்கும் நாட்கள் அவை. உலோகம் தேடும் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பனிமூட்டத்தில் அவன் கால்கள் தெரியாது. மேல்பாதி மட்டும் மெல்ல மிதந்து போகும். எப்போதாவது கருவி அவன் காதில் 'கூங்' என்றிருக்கும். பிறகு மிதப்பது நின்று, குனிந்து, காணாமல் போகும். பாத்திரம் கழுவுவதை மறந்து நானும் அப்படியே நின்றுவிடுவேன்.

முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். எல்லாவற்றிலும் அந்த ஒழுங்கு. கிடைத்ததைச் சிறு பையில் போட்டு எண், தேதி, இடம், எப்படி அங்கே வந்திருக்கும் என்று நான்கும் எழுதி ஒட்டுவான். "எங்க கெடச்சதுன்னு தெரியலேன்னா ராஜா காசும் வெறும் தகரந்தான், மேவிஸ்" என்பான். ரோமானியச் செம்புக் காசு, ஈயக் குண்டு, கோட்டுப் பொத்தான், பீர் டப்பாவைத் திறக்கும் இழுவளையம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

தங்க மோதிரமும் டப்பா வளையமும் கருவியில் ஒரே மாதிரி ஒலிக்குமாம். அலுத்துப்போய் மற்றவர்கள் அந்த ஒலியையே அடக்கி வைத்துவிடுவார்கள். இவன் மட்டும் ஒன்று விடாமல் தோண்டுவான். மதுக்கடையில் சும்மா விடுவார்களா? "என்ன டெஸ், நீ குடிச்சதைவிடத் தோண்டினது ஜாஸ்தி போலருக்கே!"

அவன் ஏன் தோண்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், கிணற்று வயலில் பீட் கிழங்கு பிடுங்கும்போது என் கல்யாண மோதிரம் நழுவிவிட்டது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். கருவி வாங்கிய அன்றே, "மொதல்ல உன் மோதிரத்தைத்தான் எடுக்கப்போறேன்" என்றான். பதினோரு குளிர்காலமாகப் பெரும்பாலும் அந்த வயலையே சுற்றினான்.

நான் சொன்னது பச்சைப் பொய். அன்று கால்பந்து பார்க்கப் போனவன் என்னைக் கூட்டிப்போக வர மறந்துவிட்டான். ஆலங்கட்டி மழையில் வயலோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். வந்த ஆத்திரத்தில் மோதிரத்தைக் கழற்றி, வாய்க்காலையும் முள்வேலியையும் தாண்டித் தேவாலயத்து மேய்ச்சல் நிலத்துக்குள் விட்டெறிந்தேன். மறுநாளே போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

இந்த ஜனவரியில் கிணற்று வயலை அதன் சொந்தக்காரர்கள் சூரிய மின்தகடு பதிக்கக் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரியிலிருந்து யாரும் கால் வைக்க முடியாது. நெஞ்சில் சளியோடு தினமும் போனான். கடைசி நாள் அவன் இருமல் ஜன்னல் வரை கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர்க் குடுவையோடு மூட்டத்துக்குள் நடந்தேன்.

"வீட்டுக்கு வா, டெஸ். அது இங்க இல்ல."

"எது?"

"மோதிரம். அது நழுவல. வேலிக்கு அந்தப் பக்கம் நான்தான் விட்டெறிஞ்சேன். இத்தனை வருஷமா உன்னைத் தப்பான வயல்ல நடக்க விட்டுட்டேன்."

ஹெட்போனைக் கழற்றினான். "மேட்ச் அன்னைக்கா?"

"ஆமா."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, மேசை இழுப்பறையில் தடவி ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தான். எண் நூற்றுப் பதினேழு. தேதி எட்டு வருஷம் பழையது. இடம்: தேவாலய மேய்ச்சல், வேலியிலிருந்து பதினான்கு அடி. எப்படி வந்தது என்ற இடம் மட்டும் காலி. உள்ளே என் மோதிரம்.

"அடப்பாவி! எட்டு வருஷமா வச்சிருந்தியா?"

"நழுவின மோதிரம் வாய்க்காலைத் தாண்டிப் பறக்குமா? இடத்தைப் பார்த்ததுமே புரிஞ்சிடுச்சு. நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன். ரொம்பத்தான் இழுத்தடிச்சே."

"அப்புறம் அந்தக் கிணத்து வயல்ல எதைத் தேடினே?"

"காசுதான். வேறென்ன?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலைச் சீவினான். காலியாக இருந்த இடத்தில் நிதானமாக எழுதினான்: 'மேவிஸ் எறிந்தது. நான் வராததால்.'