ஏழுமலை கிழித்த கோடு

கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன் தம்பி. செல்வி மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் இந்தக் கிழவன் ஏன் முட்டி வலியோடு பின்னாலேயே ஏறி வந்து புறாக்களை வேடிக்கை பார்க்கிறான் என்று உங்களுக்கு ரொம்ப நாளாகக் குறுகுறுப்பு. மேல் போர்ஷனுக்குக் குடிவந்த நாளிலிருந்து நீங்கள் என்னைக் கவனிக்கிறீர்கள், நானும் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேட்டுவிட்டு நமட்டுச் சிரிப்புச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், எனக்கு முன்கோபம் அதிகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, சகுனம், பல்லி விழுந்த பலன், எதுவும் எனக்குக் கிடையாது. வாலிபத்தில் பகுத்தறிவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தவன் நான். சுடுகாட்டு ஓரத்தில் வண்டி பஞ்சர் ஆனால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாக டயர் மாற்றுவேன். என் சம்சாரம் பவுனு திருஷ்டிக்கென்று வேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தால், அதை எடுத்துச் சாறு பிழிந்து குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எழுபதுகளில் நடந்தது இது. செங்கல்பட்டில் ஒரு வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தன் சம்சாரத்தையும் சிநேகிதர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பறவை பார்க்க வருவார். காலையில் மலைப்பக்கத்துக் கரட்டுக்காடு, மத்தியானம் திருக்கழுக்குன்றம், சாயங்காலம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழி. வண்டிக்கு நான். வழிகாட்டுவதற்கு என் மச்சான் ஏழுமலை, பவுனுவின் கூடப்பிறந்த அண்ணன். கடலோரக் குப்பத்துக்காரன். வலை இழுக்காத நாட்களில் இந்த வேலைக்கு வருவான்.

அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தப் பறவைக் கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பான். அதுவரைக்கும் போனால் கழுத்தைத் தூக்கிப் பார்க்கும், அதற்கு மேல் காலை வைத்தால் மொத்தமும் எழும்பிவிடும். ஏழுமலை முன்னால் போய், கழுத்துகள் தூக்குகிற இடத்தில் நின்று, குதிகாலால் தரையில் ஒரு கோடு கிழிப்பான். அவன் கோட்டை டாக்டர்கூடத் தாண்டக் கூடாது. அங்கேயே நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் அவன் பழைய ஏழுமலையாக இல்லை. அவன் பெண்சாதி குப்பு கழியில் இறால் தடவப் போகிறவள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பெண்கள் பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் விளிம்பை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி தண்ணீரில் குனிந்தே போவார்கள், கையில் இறால் தட்டுப்பட்டால் எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கழித்தண்ணீரெல்லாம் கடலுக்கு இழுத்தபோது அவளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று ஏழுமலை ஒரே பிடியாக நின்றான். ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம். அதுதான் உங்களுக்குத் தெரிந்த செல்வி. அவள் என் சொந்தப் பெண் இல்லை என்று இந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

தை மாதம் டாக்டர் வந்தார். நான் வண்டி எடுக்கும்போது பவுனு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன தண்ணி பக்கம் தனியா வுடாத. அது பேச்சே செரியில்ல," என்றாள். பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்று குழந்தையின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காலையில் கரட்டுக்காட்டில் இறங்கியதுமே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் கௌதாரிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கௌதாரி எவ்வளவு பயந்த பட்சி என்று கேட்டுப் பாருங்கள், சருகு அசைந்தால் போதும், ஓடிவிடும். ஏழுமலை முன்னால் போனான், எல்லை வரும், நின்று கோடு கிழிப்பான் என்று நாங்கள் பின்னால் நிற்கிறோம். அவன் நிற்கவேயில்லை. நேராக அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய்விட்டான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. மாடு நடந்துபோனால் ஒதுங்குமே, அந்த மாதிரி அவன் காலுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி மறுபடி மேய ஆரம்பித்தன. டாக்டர் ஆசையாக ஓர் அடி எடுத்து வைத்தார், அவ்வளவுதான், விர்ரென்று எல்லாம் புதருக்குள் போய்விட்டன.

டாக்டருக்கு ஒரே குஷி. இன்றைக்கு நீ ஏதோ வசியம் பண்ணியிருக்கிறாய் என்று அவன் முதுகில் தட்டினார். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. வேனுக்குப் பக்கத்தில் நாஸ்தா சாப்பிட உட்கார்ந்தபோது, கோழி வளர்க்கிற மாதிரி ஆகிவிட்டது உன் பிழைப்பு என்று கிண்டல் பண்ணினேன். அவன் இட்லியைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எல்ல தெரியல மச்சான்," என்றான். "நான் போனா அதுங்க கண்டுக்கவே மாட்டேங்குது. நேத்துலேர்ந்து இப்டிதான் கீது. வூட்டாண்ட காக்காகூட நவுரல."

ராத்திரி தூங்கியிருக்க மாட்டாய், சாப்பிடு முதலில் என்று அதட்டினேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

மத்தியானம் திருக்கழுக்குன்றம் மலை ஏறினோம். அப்போதெல்லாம் உச்சிவேளைக்குக் கழுகு வரும், பாறையில் குருக்கள் சாதம் வைப்பார், ஜனங்கள் தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கும் வந்து தின்றது. தின்று முடித்ததும் தத்தித் தத்தி ஏழுமலை நின்ற பக்கமாக வந்து, அவன் பாதத்தின் மேலேயே மிதித்து ஏறி இறங்கி, பாறை விளிம்புக்குப் போய்ப் பறந்தது. புண்ணியவான் என்று ஒரு கிழவி அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அது மனிதருக்குப் பழகிய கழுகு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கல்லின் மேல் ஏறுவதுபோல அது ஏறிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அப்போதே அவனைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்கிறீர்களா? தம்பி, பறவை பறக்கவில்லை என்பதற்காக ஒருவனை வீட்டுக்கு அனுப்புவார்களா? அதுவும் நான்!

வெயில் சாயும்போது உப்பங்கழிக்கு வந்தோம். கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு நீளமான மணல்திட்டு, அது நிறைய பூநாரைகளும் கொக்குகளும். அப்படி ஒரு கூட்டத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று டாக்டர் கிசுகிசுத்தார். ஏழுமலை முன்னால் போகவில்லை. எல்லை தனக்குத் தெரியாது, நீ போ என்று என்னைப் போகச் சொன்னான். நான் மெல்ல நடந்தேன். ஓரிடத்தில் அத்தனை கழுத்துகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. நின்றுவிட்டேன். ஏழுமலை வந்து என் கால் விரலுக்கு முன்னால் குதிகாலால் கோடு கிழித்தான். மற்றவர்கள் வந்து கோட்டோரமாக நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரின் சம்சாரம் பைனாகுலரை இறக்காமலே, யாரோ ஒரு பெண் திட்டின் மேல் நடக்கிறாள், பறவையெல்லாம் போய்விடப் போகிறது என்றார். டாக்டரும் பார்த்தார். அவள் கூட்டத்துக்கு நடுவிலேயே இருக்கிறாள், ஒன்றுகூட எழும்பவில்லையே என்றார். வெறும் கண்ணுக்கு எனக்குக் கறுப்பாக ஒரு புள்ளிதான் தெரிந்தது. டாக்டர் கையிலிருந்து பைனாகுலரை மரியாதைகூட இல்லாமல் பிடுங்கிப் பார்த்தேன்.

ஒரு பெண், முதுகு எங்கள் பக்கம். குனிந்து, இரண்டு கையாலும் மணலைத் தடவிக்கொண்டே போகிறாள். தண்ணீரில் தடவுகிற மாதிரி காய்ந்த மணலைத் தடவுகிறாள். முகம் திரும்பியபோது வாயில் பறி.

நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. ஏழுமலை பைனாகுலர் கேட்கவும் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"குப்புதான் மச்சான்," என்றான். "எவ்ளோ நாளா நின்னுகினு கீறா பாரு."

"வாணாம் மச்சான்," என்றேன். "செல்வி வூட்ல கீது. வா, போலாம்."

"இரு, இவளயும் கூட்டினு வந்துர்றேன்."

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் கோட்டைத் தானே தாண்டினான். அத்தனை வருஷத்தில் அவன் அதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, அவன் நடந்துகொண்டே இருக்கிறான், ஒரு கழுத்துகூட நிமிரவில்லை. திட்டில் ஏறிக் கூட்டத்துக்குள் போனான். அவளும் அவனும், சுற்றிலும் அத்தனை பறவைகளும், எதற்கும் அசைவில்லை. நான் கோட்டோரமாகவே நின்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில் என் வேட்டி நனைந்துவிட்டது.

அப்புறம் பவுனுவின் முகம் ஞாபகம் வந்தது. டேய் மச்சான் என்று கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். என் கால் தண்ணீரில் பட்டதும் அந்தத் திட்டு மொத்தமும் எழும்பியது. காது அடைத்துப்போகிற சத்தம், வெயிலே தெரியவில்லை, ஒரே இறக்கை. எல்லாம் கலைந்து கடல் பக்கம் போன பிறகு பார்த்தால் திட்டு காலி. அவளும் இல்லை, அவனும் இல்லை. ஓடினேன், டாக்டரும் ஓடி வந்தார். சுற்றிலும் தண்ணீர் எங்கள் முழங்காலைத் தாண்டவில்லை. மணல் முழுக்கப் பறவைக் காலடி, அதற்கு மேல் எங்கள் காலடி, மனிதக் காலடி வேறு ஒன்றும் கிடையாது.

குப்பமே திரண்டு வந்து தேடியது. மறுநாள் காலையில் கடல் பக்கத்தில் கரைவலை இழுத்தவர்கள் வலையில் ஏழுமலை வந்தான். வாயில் ஒரு பறியைக் கவ்விக்கொண்டிருந்தான். விளிம்பில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது, உதடு கிழியாமல் இருக்கப் பவுனு தன் கையால் குப்புவுக்குச் சுற்றிக் கொடுத்த துணி. பல்லைப் பிரிக்க முடியவில்லை. பறியோடு சேர்த்தே எரித்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காரியம் செய்தோம்.

டாக்டர் எனக்குச் சமாதானம் சொன்னார். பறி சேற்றில் புதைந்து கிடந்திருக்கும், இவன் பார்த்துக் குனிந்திருப்பான், திட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமான ஓடை இருக்கும், இழுத்திருக்கும் என்றார். எல்லாம் சரி, காலையில் அந்தக் கௌதாரி ஏன் பறக்கவில்லை என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பறவை பார்க்க வரவே இல்லை. பைனாகுலரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நீயே வைத்துக்கொள் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்றையிலிருந்து இந்த வேலைதான் எனக்கு. செல்வி பள்ளிக்கூடம் போகும்போது தெருவில் காக்காய் எழும்புகிறதா, குளத்தங்கரையில் நின்றால் கொக்கு நகருகிறதா, கல்யாணமாகித் திரும்பி வந்து இப்போது மாடிக்கு ஏறினால் புறா பறக்கிறதா. பவுனு சாகிறவரைக்கும் அவளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. குழந்தைக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே காலம் ஓடிவிட்டது.

போன வாரம் செல்வி திருப்போரூர் கோயிலுக்குப் போனாள். நான்தான் கோயிலுக்குள் போகமாட்டேனே, ஏரிக்கரையில் நின்றேன். ஓரத்தில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. சும்மா கிட்டே போனேன். நகரவில்லை. துண்டை உதறினேன், காலைத் தரையில் உதைத்தேன். மாட்டுக்கு ஒதுங்குகிற மாதிரி கொஞ்சம் ஒதுங்கி மறுபடி மேய்ந்தன. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் செல்வி, அப்பா, விபூதி இட்டுக்கோ என்று கூப்பிட்டுக்கொண்டே கரையிறங்கி வந்தாள். அவள் வந்ததும் அத்தனையும் எழும்பிவிட்டன. அவளுக்கு எழும்பின, பாருங்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முதல்தடவையாக அவள் இட்ட விபூதியை நான் அழிக்கவில்லை.

அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மேல் போர்ஷனிலேயே இருக்கிறீர்கள், நீங்கள் வேலைக்குப் போகும் முன்னால்தான் அவள் துணி உலர்த்த வருவாள். இனிமேல் அந்தப் புறாக்களை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.