செலின் டீச்சர் இடிக்கச் சொன்ன சுவர்

லூர்து போன் செய்தபோது நான் செலினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குளச்சலில் இருக்கும் தம்பி லூர்துவின் வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனவள், "ஏட்டி புஷ்பம், நாளைக்கு வந்திருவேன், ரெண்டையும் பாத்துக்கோ" என்று தன் ஈமுக்களை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். தீவனம் வைக்கக் குனிந்தேன். ஒன்று என் கொண்டையிலிருந்த கிளிப்பைப் பிடுங்கி ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று என் தலையையே பார்த்தது. "வரட்டும் இவ, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திருவேன்" என்று அவிழ்ந்த தலையோடு நிற்கும்போது போன் அடித்தது. "டீச்சர், அக்கா நம்மள விட்டுப் போயிட்டா" என்று லூர்து அழுதான். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவளை எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நெஞ்சை அடைக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாள்! ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கூப்பிட்டால், "சவத்த விடு ஏட்டி, கேஸாக்கும்" என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடிப்பாள். பிறர் சொல்வதைக் கேட்பது என்ற பழக்கமே அவளுக்குக் கிடையாது. இதைப் படிக்கிற, எங்களோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும், அவளிடம் தையல் படித்த பிள்ளைகளுக்கும் இது தெரியாததல்ல. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் பக்கத்து வீட்டில் ஆயுசில் பாதியைக் கழித்தவளை அவர் என்று எழுதினால் அவளே "யாரைப் பத்திட்டி எழுதுகா?" என்று கேட்பாள். அதனால் அவள்தான்.

அந்தப் பறவைகள் வந்த கதையைச் சொல்கிறேன். ஊரெங்கும் ஈமு, ஈமு என்று பேசிய காலம் அது. வீட்டிலேயே வளர்க்கலாம், கோழி வளர்ப்பது போலத்தான் என்று பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். கேட்டவள் கேட்டபடியே வந்திருக்கலாம். மினி லாரியில் இரண்டு குஞ்சுகளோடு வந்து இறங்கினாள். உடம்பெல்லாம் கோடு கோடாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆணுக்குச் சூசை என்றும் பெண்ணுக்கு ரீத்தம்மாள் என்றும் பெயர் வைத்தாள். "வளந்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "நம்ம உயரம் வருமாம்" என்றாள், ஏதோ நல்ல சேதி போல. இராஜாக்கமங்கலத்தில் அவளுக்கு இருந்தது ஐந்து சென்ட். வீடு, கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை போக மிச்சம் ஒரு பாயை விரிக்கலாம். "இதுக்குள்ள எங்கட்டி வளப்ப?" என்றேன். "நான் பாத்துக்கிடுகேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன காரியம் எல்லாவற்றையும் கடைசியில் நான்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஓலை வேலி. குஞ்சாக இருக்கும்வரை நின்றது. கால் முளைத்து நீண்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசை வேலியை நெஞ்சால் தள்ளிச் சாய்த்துவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டது. மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பிரசங்கத்தின் நடுவில் வாசல் வழியாக ஒரு பறவை உள்ளே வந்து, நடுப்பாதையில் நின்று, இருபக்கமும் ஆட்களைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் கூச்சல் போட்டார்கள். செலின் முக்காட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து, "ஏலே சூசை, வெளிய வா!" என்றாள். முன்வரிசையில் இருந்த சூசை என்ற பெரியவர், பாவம், எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு அவ்வளவு தூரம் அது ஓடி வந்ததைப் பற்றித்தான் அவளுக்குப் பேச்சு. "பாத்தியா புஷ்பம், என்னா ஓட்டம்! நமக்கு உக்கார எடம் இருந்தா போதும். அதுக்கு ஓட எடம் வேணும்" என்றாள். அவமானத்தில் எனக்குத்தான் மூன்று வாரம் கோயில் பக்கம் தலை காட்ட முடியவில்லை. நான் அந்தச் சபையே கிடையாது. பறவை ஓடிவிட்டது என்று சொல்ல அவளைத் தேடிப்போன பாவத்துக்கு வாசலில் நின்றேன்.

அடுத்தது வலை. இதை எங்கள் கடற்கரையைத் தவிர வேறு எங்கும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். லூர்து தன் வள்ளத்தில் கழித்துப்போட்ட வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து, சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே சுற்றிலும் கட்டினான். "எத்தா பெரிய மீனும் இத அறுக்காது டீச்சர். இந்தப் பறவையா அறுக்கும்?" என்று இழுத்துக் காட்டினான். அறுக்காதுதான். மாட்டவைப்பதற்கென்றே பின்னிய சாமானை வேலியாகக் கட்டினால் அது மாட்டவைக்கத்தானே செய்யும்? கடலிலேயே பிழைக்கிறவனுக்கு அது தோன்றவில்லை. செலின் வேறு, "செலவில்லாம முடிஞ்சுது பாத்தியா" என்று பெருமையாக நின்றாள்.

ஒரு சாயங்காலம் தெருநாய் குரைத்தது. பறவையின் கண்ணுக்கு வலை எங்கே தெரியும்? வெறும் காற்று என்று நினைத்து சூசை பாய்ந்துவிட்டது. ஒரு கால் கண்ணிக்குள் போய், உதற உதற இறுகி, கழுத்தும் மாட்டி, நான் ஓடிப் போவதற்குள் தோல் கிழிந்து ரத்தம். அந்தக் காலால் ஓர் உதை வாங்கினால் ஆள் தேறமாட்டான். செலின் யோசிக்கவே இல்லை. அதன் முதுகின்மேல் குறுக்கே படுத்து, தன் முந்தானையால் அதன் தலையை மூடினாள். இருட்டானதும் அது அடங்கியது. நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து வலையை அறுத்தேன். "பைய ஏட்டி, பைய, காலு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருந்த அவசரத்தில் அவளைத்தான் அறுத்திருப்பேன். "உனக்குப் பைத்தியமாட்டி?" என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன், எழுத வெட்கம் இல்லை.

மறுநாள் கால்நடை டாக்டர் வந்து காலுக்குக் கட்டுப் போட்டார். வேலியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பறவையின் கண்ணுக்கு வேலி தெரிய வேண்டும், தலையோ காலோ நுழையாத சின்னக் கண்ணி வேண்டும், ஆறடி உயரம் வேண்டும், முள்கம்பி கூடவே கூடாது, தூண்கள் வெளிப்பக்கம் நிற்க வேண்டும், மூலைகளை வளைத்துக் கட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். செலின் தலையை ஆட்டிக் கேட்டாள். கடைசியாக அவர் சொன்னதுதான் விஷயம். "டீச்சர், இந்த எடத்துக்குள்ள தங்கத்துல வேலி போட்டாலும் இது மோதத்தான் செய்யும். நீளமா ஓடுகதுக்கு எடம் இல்லைன்னா யாருக்காவது குடுத்திருங்க." அவரை வாசல்வரை போய் அனுப்பிவிட்டுச் செலின் திரும்பி வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பறவையை இல்லை, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை. சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நீளமாக என் நிலம், மட்டி வாழை வைத்தது. "ஏட்டி புஷ்பம்" என்றாள். "வாயத் தொறக்காத" என்றேன்.

திறந்தாள். சுவரை இடித்துவிடுவோமா என்று கேட்டாள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது என்ன கேள்வி என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு சாண் எல்லைக்காக அண்ணனும் தம்பியும் தக்கலைக் கோர்ட்டில் நரைத்துப்போகிற ஊர் இது. அந்தச் சுவரை என் வீட்டுக்காரர் கடைசியாகக் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். மகன் மஸ்கட்டிலிருந்து போனில், "அம்மா, சுவர் போனா எல்லை போச்சு. நாளைக்கு அந்த ஆட்கள் வந்து எங்க நிலம்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்றான். கொழுந்தனார் வீடு தேடி வந்து சொன்னார். எல்லாம் நியாயம்தான். முடியாது என்று செலினிடம் சொல்லிவிட்டேன். "சரி ஏட்டி" என்றாள். ஒரு வாரம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் பறவை விற்ற ஆட்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு காணாமல் போயிருந்தார்கள். வளர்த்தவர்கள் தீனி போட முடியாமல் ஆற்றங்கரையிலும் ரோட்டிலும் அவிழ்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். குழித்துறைச் சந்தையிலிருந்து ஒரு கறிக்காரர் வண்டியோடு வந்தார். செலினே வரச் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரீத்தம்மாள் தொண்டைக்குள் குடம் தட்டுவதுபோல் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. காலில் கட்டுப் போட்ட சூசையின் கழுத்தைத் தடவியபடி இவள், "அடைச்சுப் போட்டுக் கொல்லுகத விட இது எவ்வளவோ கொள்ளாம்" என்று கறிக்காரரிடம் சொல்கிறாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஈரக் கையோடு ஓடினேன். "கயிறக் கீழ போடும்வே! இவ கூப்பிட்டா நீரு வந்திருவீரா?" என்று அந்த மனிதரை விரட்டினேன். பிறகு செலினைப் பார்த்து, "இடிச்சுத் தொலை. வாழையையும் வெட்டு. என் தலையையும் வெட்டு" என்றேன். "வாழை குலை தள்ளிட்டு வெட்டலாம் ஏட்டி" என்றாள். அந்த நேரத்திலும் யோசனை சொல்கிறாள்!

சுவர் போய், டாக்டர் சொன்னபடியே இரண்டு நிலத்தையும் சுற்றிக் கம்பிவலை வந்தது. கட்டு அவிழ்த்த அன்று சூசை முதலில் நடந்தது, பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. முனையில் சறுக்கித் திரும்பி மறுபடியும் ஓடியது. ரீத்தம்மாளும் பின்னால். செலின் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மட்டி வாழைக் கன்றுகள் மிதிபட்டுக் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அதன்பிறகு அவளோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடிந்ததா? பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் வேலியைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். எங்கெங்கோ ஈமுவை வைத்துக்கொண்டு விழித்தவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். எல்லோரிடமும் முதல் கேள்வி, "நீளம் எவ்வளவு உண்டு?" என் பணி ஓய்வு விழாவில் என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி மேடையில் ஏற்றினோம், நினைவிருக்கிறதா? கம்பிவலை, தூண், மூலை என்று போய்க்கொண்டே இருந்தாள். தலைமையாசிரியர் மணி அடிக்கப் போனார். அப்போது சொன்னாள்: "இவ்வளவும் நான் செய்யல்ல. புஷ்பம் சுவத்த இடிச்சா. இந்த ஜில்லாவுல வேற யாரு இடிப்பா?" சொல்லிவிட்டு இறங்கி வந்து, "நல்லா பேசினேனா?" என்று கேட்டாள். "உருப்படியா ஒண்ணும் பேசல்ல" என்றேன். பக்கத்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் லூர்து ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். "டீச்சர், நான் போனா மொத வேலையா புஷ்பத்துக்குச் சுவரக் கட்டிக் குடுத்திருன்னு அக்கா சொல்லியிருக்கா. பறவைகளக் கேக்க ஒரு பண்ணைக்காரர் இருக்காரு. உங்களுக்கு இனிமே தொந்தரவு வேண்டாம்" என்றான். பாருங்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செத்த பிறகும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். "உனக்கு இப்ப அந்த எடம் அவசரமா வேணுமா மக்கா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு டீச்சர்? நாங்க கடக்கரையில கெடக்கோம்" என்றான். கொத்தனார் அதற்குள் நூலைப் பிடித்துக்கொண்டு, "எல்லை எங்கம்மா?" என்றார். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. வாழையும் சுவரும் இருந்த இடத்தில் புல்லும் கால்தடமும்தான் இருந்தன. அந்த மனிதரிடம், வடக்கு மூலையில் கம்பிவலை தொய்ந்திருக்கிறது, அதை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள் என்று சொன்னேன்.

செலின் எனக்கு வைத்துவிட்டுப் போனது இதுதான்: எது எவளுடையது என்று எனக்கே சொல்லத் தெரியாத ஒரு நிலம். காலையில் தீவனத்தோடு அதற்குள் போய் இரண்டையும் திட்டுகிறேன், நன்றாகத்தான் திட்டுகிறேன். "சவத்த விடு ஏட்டி" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.