கீறல் விழுந்த கோல்

போன வாரம் ரயிலில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கீறல் விழுந்த சிடியைப் புத்தம்புதிதாக்கும் கைமெஷின். பச்சை நிற பிளாஸ்டிக், பக்கத்தில் ஒரு கைப்பிடி, கூடவே ஒரு சின்ன பாட்டிலில் நீலத் திரவம். இரண்டு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடுகிற விலை.

சிடியே வழக்கொழிந்துபோன காலத்தில் சிடி ரிப்பேர் மெஷினை எவன் வாங்குவான்?

நான் வாங்கினேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், என் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த கௌதமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நானும் அவனும் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஏறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நண்பர்கள்தான். ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. இளமையில் — அதாவது எங்கள் தொப்பைகள் பிறப்பதற்கு முன்னால் — மாரிகுப்பத்துக்கும் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டுக்கும் ஒரு ஃபுட்பால் ஃபைனல் நடந்தது. மாரிகுப்பத்துக்கு நான் கோல்கீப்பர். பாலகாட்டுக்கு கௌதமன் ஃபார்வர்டு. கடைசி நேரத்தில் ஒரு பந்தை உதைத்தான். ரெஃப்ரி விசில் ஊதினார். கோல். பாலகாட் ஜெயித்தது.

ஆனால் நான் அந்தப் பந்தைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே பிடித்துவிட்டேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், நேற்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போஸ்ட்டுக்கு வலை கிடையாது. மைதானம் முழுக்கப் புழுதி. ரெஃப்ரி நின்றிருந்ததோ வேறெங்கோ. வழக்கு முடியுமா, சொல்லுங்கள்!

இதில் ஒரே சாட்சி ஒரு சிடி. பாலகாட்காரர்கள் கெத்தாக வீடியோ எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். சிடி வந்ததும் அவர்கள் கேப்டன் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் வீட்டுச் சின்னது அதைச் சக்கரமாக்கி சிமெண்ட் தரையில் ஓட்டிவிட்டது. முதல் தடவை போட்டபோதே மாட்டிக்கொண்டது. எந்த இடத்தில்? கௌதமன் பந்தை நோக்கி ஓடிவந்து காலைத் தூக்குகிற இடத்தில். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். இத்தனை வருடமாகத் தூக்கிய காலை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

இதெல்லாம் இரண்டு தொப்பைகளுக்கு இடையிலான விவகாரம் என்று விட்டிருக்கலாம். ஆனால் கௌதமனுக்கு யசோதரா என்று ஒரு மகள். காலேஜ் டீமில் ஆடுகிறாள். இப்போது மாநில அளவிலான பயிற்சி முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் கிளம்ப வேண்டும். அவள் சின்ன வயதிலிருந்து, “யசோ, உங்கப்பா அடிச்சது கோலே இல்லம்மா” என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். அவளும் அதை வைத்தே அப்பாவை ஓட்டுவாள்.

“அவ காம்ப்புக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு தபா காட்டிட்டா போதும் மச்சான். உங்கப்பனும் ஆடினவன்தான்னு தெரிஞ்சிக்கட்டும்” என்றான் கௌதமன்.

“நானும் அதுக்குத்தான் ஆர்டர் போடறேன். பந்த நான் புடிச்சத அவ பாக்கட்டும்.”

“பாத்துடலாம் வா!”

மெஷின் வந்தது. என்னைப் போன்ற விவரமானவர்கள் எடுத்த எடுப்பில் அசல் சாட்சியின்மேல் கைவைப்பார்களா? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இலவசமாகக் கொடுத்த சமையல் சிடி ஒன்று இருந்தது. அதை மெஷினுக்குள் வைத்து, நீலத் திரவம் விட்டு, கைப்பிடியைச் சுற்றினேன். கரகரவென்று சத்தம். வெளியே எடுத்தால், இருந்த கீறல்கள் போய், சைக்கிள் டயர்போல வரி வரியாகப் புதுக் கீறல்கள்!

பழைய பிளேயரில் போட்டோம். ஓடியது. பிசிபேளாபாத்தில் ஆரம்பித்த அந்த அம்மா, நடுவில் ஒரு தாவு தாவி கேரட் அல்வாவுக்குப் போய், மறுபடியும் திரும்பி வந்தார்.

“இன்னாங்க இது, அல்வாவுல புளி கரைச்சு ஊத்தச் சொல்றா?” என்றாள் என் மனைவி. “உங்க மெஷின் சூப்பருங்க. இத்தினி வருஷமா எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பிளேயர், மெஷின், நீலத் திரவம் சகிதமாக கௌதமன் வீட்டில் ஆஜரானேன். அல்வா சமாச்சாரத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. இருப்பது ஒரே சிடி. அதுவும் போனால் தூக்கிய காலும் போய்விடும். கேப்டனிடமிருந்து எப்போதோ வாங்கிப் பத்திரப்படுத்திய அதை உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றான்.

“வேணாம் மச்சான். பாதியாவது இருக்குது.”

“ப்பா, குடுப்பா. மாமா ஏற்கெனவே உன் பேரக் கெடுத்துட்டாரு, சிடிய மட்டும் விட்டு வெச்சு இன்னா பண்ணப் போற?” என்றாள் யசோ.

கொடுத்தான். நான் சுற்ற ஆரம்பித்தேன்.

“மெதுவா... மெதுவா சுத்துபா. கேஜ் எறக்கறாப்பல எறக்கு. உள்ள ஆளு இருக்குது!” என்று அலறினான். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டை நான் இயக்கியதில்லை. ஆனால் அப்படித்தான் சுற்றினேன். நெற்றியில் வியர்வை. திடீரென்று ஒரு சத்தம்... கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது.

யசோ சிடியை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்து பிளேயரில் போட்டாள்.

மைதானம். புழுதி. ஒல்லியாக ஒரு கௌதமன், தலைநிறைய முடியோடு ஓடி வருகிறான். காலைத் தூக்குகிறான். படம் ஒரு குலுக்குக் குலுக்கியது. சதுரங்கள் வந்தன. சதுரங்கள் போயின. படம் ஓடியது!

கால் இறங்கியது. பந்து கிளம்பியது.

அந்த நொடியில் நான்கு மூலைகளிலிருந்தும் ரோஜா இதழ்கள் கொட்டின. நடுவில் ஒரு பெரிய ஹார்ட் மலர்ந்தது. அந்த ஹார்ட்டுக்குள், அன்றைய சிறப்பு விருந்தினர் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கௌதமனுக்கு ஞாபகம் வந்தது. வீடியோ எடுத்தவர் கல்யாண வீடியோக்காரர்! கல்யாணத்தில் தாலி கட்டும்போது பூ கொட்டுவார், முக்கியஸ்தர் முகத்தைக் காட்டுவார். ஃபைனலில் முக்கியமான கட்டம் வந்தது. அவர் தன் தொழிலைச் சுத்தமாகச் செய்துவிட்டார். போண்டா நிதானமாக உள்ளே போனது. பின்னணியில் “கோல்... கோல்!” என்று கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

கௌதமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சாட்சி இல்லை என்றால் வழக்கு உயிரோடு இருக்குமே!

யசோ மட்டும் ரிமோட்டை விடவில்லை. பின்னால் ஓட்டி, ஹார்ட் விரிவதற்குச் சற்று முன்பு நிறுத்தினாள்.

“மாமா, இங்க வாங்க. இது யாரு?”

நான்தான். போஸ்ட்டை அம்போவென்று விட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் வந்து, பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் டிஃபெண்டருக்குக் கையை நீட்டி அட்வைஸ் செய்துகொண்டிருந்தேன். கேட்காதவர்களுக்கு அட்வைஸ் செய்கிற இந்தத் தொழிலை அப்போதே ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது.

முன்னால் ஓட்டினாள். ஹார்ட் மறைந்தது. பாலகாட் மொத்தமும் குதித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் அதே இடத்தில், அதே முதுகோடு. நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

“பந்தப் புடிச்சேன்னு சொன்னீங்களே மாமா, எந்தக் கையால?”

நான் பொய் சொல்லவில்லை, நம்புங்கள். அந்தப் பந்து வந்து அறைந்த சூடுகூட என் உள்ளங்கையில் ஞாபகம் இருந்தது! யோசித்துப் பார்க்கிறேன்... நம் ஞாபகமும் ஒரு கல்யாண வீடியோக்காரர்தான். முக்கியமான கட்டத்தில் கேமராவைத் திருப்பிவிட்டு, நமக்குப் பிடித்த முகத்தை ஹார்ட்டுக்குள் வைத்துக் காட்டிவிடுகிறது. பெரும்பாலும் அது நம் முகம்.

யசோ அப்பாவின் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

“ப்பா, கோலுப்பா. சந்தேகமே இல்ல. இன்னா ஓட்டம் ஓடி வர்ற நீ! எங்க டீம்ல ஒருத்திகூட இப்படி ஓடுறதில்ல. போன்ல எடுத்துக்கறேன், காம்ப்புல எல்லாருக்கும் காட்டணும்.”

கௌதமன் எழுந்து சமையலறைக்குப் போய், சொம்போடு தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தான். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

“இத்தினி தூரம் ஓடி கோல் அடிச்ச மனுசன்” என்றார் அவன் மனைவி மல்லிகா, “தெருமுனைக் கடைக்கு வண்டி இல்லாம போகமாட்டேங்கறாரே, கேளுங்கண்ணா!”

எல்லோரும் சிரித்தோம். தோற்றவனுக்குத்தான் முதலில் கேசரி வைத்தார்கள். இப்படியென்றால் முன்னமே தோற்றிருக்கலாம். அன்று சாயங்காலம் யசோவை ரயிலேற்ற நானும் போனேன். ஜன்னல் வழியாக அப்பாவிடம், “கோல் அடிச்சிட்டுப் போன் பண்றேன்ப்பா” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மாரிகுப்பத்தில் வண்டி கிளம்புவதற்குள் கம்பார்ட்மெண்ட் முழுக்க கௌதமனைச் சுற்றிக் கூட்டம். புறப்படும்போது அது போஸ்ட்டுக்குப் பக்கத்திலிருந்து அடித்த கோல். பங்காருபேட்டை வந்தபோது பந்து மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்பியிருந்தது. ஏறியவர்களெல்லாம் வாயைப் பிளந்து கேட்டார்கள். “கீப்பர் யாருப்பா?” என்று ஒருவர் கேட்டார். நான் நைசாக எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

பெங்களூர் வருவதற்குள் அந்தப் பந்தை அவன் வீட்டு வாசலிலிருந்தே உதைத்துவிட்டான்.