ஐநூறாவது எபிசோடில் கடலுக்குப் போனவன்

அந்தத் துப்பறியும் சீரியலின் ஐநூறாவது எபிசோடை எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். எனக்கு அது மட்டம். முதல் நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். ஐநூறைத் தொட்ட குஷியில் ஒரு மணி நேர ஸ்பெஷல் போட்டார்கள். அதில் பாதி பழைய காட்சிகள். மீதியில் இன்ஸ்பெக்டர் புதுக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஒரே மாடிப்படியில் மூன்று தடவை ஏறினார். செருப்பில் ஒட்டிய மண்ணை வைத்தே ஆளைப் பிடித்த மனுஷன் அன்றைக்கு வெறும் வசனத்தால் பிடித்தார். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அந்த எபிசோடை நம்பித்தான் நான் பந்தயம் கட்டியிருந்தேன்.

பந்தயம் என் மாமனாரோடு. நான் ராயபுரத்திலிருந்து கல்யாணமாகி விம்கோ நகர் வந்து அப்போது மூன்று வருஷம். வீட்டில் அவர், நான், ஷிப்டுக்குப் போய் வந்து தூங்கும் என் வீட்டுக்காரர். ஒரே டிவி. ஏழரை மணிக்கு ஒரு சானலில் அவருடைய செய்தி, இன்னொன்றில் என் சீரியல். நாள் முழுக்க அடுப்பு, தண்ணி லாரி என்று ஓடுகிறவளுக்குத் தனக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான். “ஏழரை மணிக்கு வருது, அதான் வூட்டுக்கு ஏழரை புடிச்சிகீது” என்று தினம் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் ரிமோட்டைக் கொடுப்பார்.

ஐநூறு நெருங்கும்போது கேட்டார், இத்தனை நாள் பார்த்தாயே, இப்போது ஓடுகிற கேஸில் கொலைகாரன் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று. சரியாகச் சொன்னால் ஏழரை மணி நிரந்தரமாக எனக்கு. தப்பானால் செய்திக்கு. ஒத்துக்கொண்டேன். மாமனார் முப்பது வருஷம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர், டிபன் கேரியரைத் திறந்து பார்க்காமல் யாரையும் வெளியே விட்டதில்லை. வாய்ப்பேச்சு செல்லாது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் எழுதியது, சந்தேகப்பட்டவர்களில் ஒருவனான படகுக்காரன். யோசிக்கவே இல்லை. கழுத்தில் சிலுவை, வீட்டுச் சுவரில் மாதா படம், கேட்டால் கொலை நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலுக்குப் போயிருந்தேன் என்கிறான். நான் படகுக்காரர் வீட்டுப் பெண். மற்ற குப்பங்களில் எப்படியோ, எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் தண்ணியில் இறங்காது. பூசைக்குப் போவார்கள், கறி வாங்குவார்கள், தூங்குவார்கள். அவன் பொய் சொல்கிறான் என்று முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன்.

கடைசியில் கொலைகாரன் டாக்டராம். படகுக்காரன் நிஜமாகவே கடலுக்குப் போயிருந்தானாம். இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டி, நேர்மையான உழைப்பாளி என்றார்.

மாமனார் காலண்டர் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், தோற்றது நானில்லை, கதை எழுதினவன், அவன் எங்கள் கடற்கரையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக, “ப்ரூஃப் இன்னா கீது?” என்றார். அந்த வாரம் முழுக்க ஏழரை மணிக்கு மழை நிலவரம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் மனுஷன் வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கிளம்பு, நேரில் பார்த்துவிடலாம் என்றார். ராயபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு படகின் அடியையும் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு இன்ஜினில் கை வைத்துச் சூடு பார்த்தார். படகு நிழலில் தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணனை எழுப்பி, கடைசியாக எப்போது கடலுக்குப் போனாய், யார் சாட்சி என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐநூறு எபிசோடில் அந்த இன்ஸ்பெக்டர் இவ்வளவு ஒழுங்காக ஒரு விசாரணை செய்ததில்லை.

அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வீட்டை அடைந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. கோயில் வீட்டுப் பையனும் சர்ச் வீட்டுப் பெண்ணும் தாமாகவே முடித்துக்கொண்ட கல்யாணம் எங்களுடையது. மூன்று வருஷத்தில் மாமனார் அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை. பெண்ணைத் திருப்பி விடத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

மாமனார் செருப்பைக் கழற்றி விட்டு நிமிர்ந்தார். “சம்பந்தியம்மா, நான் நல்லா விசாரிச்சிட்டேன். உங்க பொண்ணு சொன்னதுதான் கரெக்டு. நான்தான் நம்பாம பூட்டேன்.”

அம்மாவுக்கு எந்த சீரியல், எந்தப் படகுக்காரன், ஒன்றும் தெரியாது. காதில் விழுந்தது அந்த வார்த்தை மட்டும்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன், அவ்வளவு சந்தோஷம். நடுவில் மாட்டிக்கொண்ட மாமனார் பயந்தே போனார்.

“அழுவாதீங்கம்மா,” என்றார். “ஏழரைக்கு இனிமே நானே டிவி போட்டுக் குடுக்கறேன்.”